அமைதியான ஏரியின் பெயரை அச்சிடாதீர்கள். தேடும் வழியை அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறை நெருங்கும்போதெல்லாம் 'கூட்டமே இல்லாத பத்து ஏரிகள்', 'யாருக்கும் தெரியாத ஆற்றங்கரைகள்' என்று ஊர்ப்பெயர்களை வரிசையாகப் போடும் கட்டுரைகள் எல்லா இதழ்களிலும் வந்துவிடுகின்றன. தூண்டிலும் கூடாரமுமாக ஓர் இரவு தங்கிவர நினைப்பவர்கள் அவற்றை நம்பித்தான் கிளம்புகிறார்கள். இருபது ஏக்கர் கண்மாயின் பெயர் அச்சேறினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கரையில் பத்து கார்கள் நிற்கும். அந்தக் கண்மாயில் அப்புறம் அமைதி ஏது? அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அந்தத் தண்ணீர் யார் பொறுப்பில் இருக்கிறது, எந்த மாதம் அதில் தண்ணீர் நிற்கும், மேலே அணை இருக்கிறதா என்ற விவரங்கள் அந்தப் பட்டியல்களில் இருப்பதில்லை. பல வருடங்களாகத் தூண்டில் போடும் எங்களைப் போன்றவர்களின் கோரிக்கை இதுதான்: சிறு நீர்நிலைகளின் பெயரை விட்டுவிடுங்கள், தேடும் வழியைச் சொல்லுங்கள். அந்த வழியை எங்களுக்குத் தெரிந்தவரை இங்கே எழுதுகிறோம்.

தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய், ஏந்தல், தாங்கல் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 39,000 இருக்கின்றன. பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ளவை நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருக்கின்றன. அமைதியைத் தேடுபவர்கள் பார்க்க வேண்டியது இரண்டாவது வகையை. பெரிய ஏரிகளின் கரை பெரும்பாலும் தார்ச்சாலையாகிவிட்டது, பேருந்தே ஓடுகிறது. சிவகங்கை, இராமநாதபுரம், புதுக்கோட்டை மாவட்டங்களின் சிறு கண்மாய்களில் கரைமேல் மாட்டுவண்டித் தடம் மட்டும் இருக்கும். வீட்டிலிருந்தே கைபேசியில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து கரையைப் பாருங்கள். கரைமேல் கறுப்புக் கோடு ஓடினால் தார்ச்சாலை, செம்மண் கோடு என்றால் வண்டித் தடம். கணினியில் பழைய தேதிப் படங்களையும் பார்க்க முடியும். ஏப்ரல், மே மாதப் படத்தில் கரையை ஒட்டி ஒரு துண்டு நீராவது தெரிந்தால் அந்தக் கண்மாயில் கோடையிலும் மீன் உயிரோடு இருக்கும். படம் முழுக்கப் பச்சையாக மூடியிருந்தால் ஆகாயத்தாமரை படர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட ஏரியின் வரத்துக் கால்வாயைப் பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு நகரத்தின் சாக்கடையில்தான் போய் முடியும். அதை அங்கேயே விட்டுவிடலாம்.

நம் ஏரிகள் சங்கிலித் தொடர். மேல் ஏரி நிரம்பி, உபரி நீர் போக்கியான கலங்கல் வழிந்து, மறுகால் ஓடிய பிறகுதான் கீழ் ஏரிக்குத் தண்ணீர் வரும். மழை குறைந்த வருடத்தில் சங்கிலியின் தலையில் இருக்கும் ஏரிக்குப் போக வேண்டும். நல்ல மழை பெய்த வருடத்தில் வால் ஏரிக்குப் போகலாம். அங்கேதான் ஆள் நடமாட்டம் குறைவு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை பிறந்து, காணும் பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு மாசி முடியும்வரை கண்மாய்களுக்கு நல்ல காலம். அதற்கு முன் கரைகள் ஊறிப்போய் இருக்கும், வாகனம் இறங்கினால் ஏறாது. மார்கழியில் போனால் விடியற்காலை கோயில் ஒலிபெருக்கியைக் கணக்கில் கொள்ளுங்கள். தண்ணீர்ப் பரப்பின்மேல் அந்தச் சத்தம் இரண்டு கிலோமீட்டர்கூடத் தெளிவாக வரும்.

இடத்துக்குப் போனதும் கூடாரத்தை இறக்காதீர்கள். முதலில் வெறுங்கையோடு கரையில் அரை மணி நேரம் நடந்து வாருங்கள். உடைந்த பாட்டிலும் பேப்பர் தட்டும் கிடந்தால் அது வாரக்கடைசிக் குடிக்கூட்டத்தின் இடம். சனி மாலை அங்கே தங்க முடியாது. புதிதாக வெட்டிய முள் கிடந்தால் யாரோ வலை இழுக்க இடம் திருத்தியிருக்கிறார்கள். ஆட்டுப்புழுக்கை மட்டும் கிடந்தால் நல்லது: மேய்ச்சல்காரர் பகலில் வருவார், இரவில் யாரும் இல்லை. அவரிடம் பேச்சுக் கொடுத்தால், எந்த மடையருகே தண்ணீர் வற்றாது, எந்தப் பொந்தில் பாம்பு என்பதுவரை சொல்லிவிடுவார்.

அடுத்தது அனுமதி. இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். ஆளில்லாத கண்மாய் என்றால் யாருக்கும் சொந்தமில்லாதது என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலான கண்மாய்களில் மீன்பாசி (மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமை) குத்தகை ஏலம் விட்டிருப்பார்கள். குத்தகைதாரர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளைக் காசு போட்டு வாங்கி விட்டிருப்பார். ஒற்றைத் தூண்டில்தானே என்று நாம் நினைப்போம். அவர் கண்ணுக்கு அது திருட்டு. ஊர் டீக்கடையில் 'கம்மாயில மீன்பாசி யார் எடுத்திருக்காங்க?' என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் பெயரும் வீடும் தெரிந்துவிடும். மடை திறக்கும் நீர்க்கட்டியைப் பிடித்தால் இன்னும் நல்லது. குத்தகைதாரரிடம் போய் மூன்று விஷயங்களைத் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள்: எத்தனை தூண்டில், எந்த மீனை எடுத்துக்கொள்வது, எதற்கு எவ்வளவு பணம். ஜிலேபிக்கு யாரும் பெரிதாக மறுப்புச் சொல்வதில்லை, அது தானாகப் பெருகுவது. விராலுக்குத்தான் சந்தையில் விலை அதிகம். எடைபோட்டுக் கிலோக் கணக்கில் கொடுத்துவிடுவதாக முன்பே சொல்லிவிட்டால் மனக்கசப்பு வராது. கட்லாவும் ரோகுவும் தூண்டிலில் விழுந்தால் திரும்ப விட்டுவிடுகிறோம் என்று சொல்லுங்கள், சொன்னபடி விடுங்கள். கோடையில் கண்மாய் வற்றி, ஊர்ப் பெரியவர்கள் வெள்ளைத் துண்டை வீசி மீன்பிடித் திருவிழாவைத் தொடங்கிவைக்கும் ஊர்களும் உண்டு. ஊத்தா, கச்சா என்ற மீன்பிடிக் கருவிகளோடு ஊரே இறங்குவதற்காகக் காத்து வைத்திருக்கும் மீனை அதற்கு முந்தைய வாரம் வெளியூர்க்காரர் போய்த் தூண்டிலில் எடுப்பது சரியில்லை. அந்தக் கண்மாய்களைத் திருவிழா முடியும்வரை விட்டுவிட வேண்டும்.

சில இடங்களில் யாரிடம் கேட்டும் பயனில்லை, கேட்கவும் கூடாது. வேடந்தாங்கல், கரிக்கிளி, வேட்டங்குடி, வடுவூர், கூந்தன்குளம் போன்ற பறவைகள் சரணாலய நீர்நிலைகளில் தூண்டிலுக்கு இடமில்லை. வேட்டங்குடியை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. அங்கே போய் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போடுபவரை என்னவென்று சொல்வது! புலிகள் காப்பகங்களுக்குள் ஓடும் மோயாறு, முண்டந்துறைப் பக்கத்துத் தாமிரபரணி, ஒகேனக்கல்லைச் சுற்றிய காவிரிக் கானுயிர்ச் சரணாலயங்கள் எல்லாம் இதே கணக்குத்தான். 1972-ஆம் ஆண்டின் கானுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அங்கே பொருந்தும். காவிரிப் படுகையின் திமில் மஹ்சீர் 2018-இல் அற்றுப்போகும் நிலையில் உள்ள மீன்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. எங்கே தூண்டிலில் விழுந்தாலும் தண்ணீரை விட்டுத் தூக்காமலே முள்ளைக் கழற்றி விட்டுவிட வேண்டிய மீன் அது. காட்டோரத்தில் தங்க ஆசை என்றால் வனத்துறையே நடத்தும் தங்குமிடங்களில் பதிவு செய்துகொள்ளுங்கள். அனுமதியில்லாத இரவு முகாமில் யானை வந்தால் யாரையும் கூப்பிட முடியாது. காட்டில் தீப்பற்றினாலும் அதே கதிதான். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி 23 பேர் இறந்ததை யாரும் மறந்திருக்க முடியாது.

இனி ஆறு. ஏரிக்கும் ஆற்றுக்கும் உள்ள முதல் வித்தியாசம், ஆற்றில் தண்ணீர் முன்னறிவிப்பில்லாமல் ஏறும். இங்கேதான் உங்கள் நாளிதழின் ஒரு மூலை எங்களுக்கு மிகவும் பயன்படுகிறது: தினமும் வரும் அணை நீர்மட்டப் பெட்டி. அதைப் படிக்கத் தெரிந்தால் பாதி ஆபத்து குறையும். பெட்டியில் நான்கு விஷயங்களைப் பாருங்கள்: முழுக் கொள்ளளவு மட்டம், இன்றைய மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம். மேட்டூருக்கு முழு மட்டம் 120 அடி, வைகைக்கு 71 அடி, சாத்தனூருக்கு 119 அடி, மணிமுத்தாறுக்கு 118 அடி. இன்றைய மட்டம் முழு மட்டத்துக்கு இரண்டு மூன்று அடிக்குள் இருந்து, நீர்வரத்து ஏறுமுகமாக இருந்தால் அணைக்குக் கீழே எந்தக் கரையிலும் இரவு தங்காதீர்கள். வைகையில் 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. 66-ஐத் தொட்டதுமே மதுரைவரை ஆற்றுக்குள் இறங்கும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும். கனஅடி என்ற அளவு மனதில் நிற்காவிட்டால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: நொடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் அது ஒரு டிஎம்சி, அதாவது நூறு கோடி கனஅடி. வெளியேற்றம் 12,000 கனஅடி என்று போட்டிருந்தால் காவிரி மணல்திட்டுகளில் கூடாரத்துக்கு இடமில்லை.

மேட்டூர் அணை பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும். நீர் இருப்பைப் பொறுத்துத் தேதி முன்பின்னாகும். மூடிய பிறகு பிப்ரவரி முதல் மே வரை குடிநீருக்கான சிறு அளவுதான் ஆற்றில் வரும். காவிரி அப்போது மடுக்களாகவும் மணல்வெளியாகவும் பிரிந்து கிடக்கும். தூண்டில்காரர்களுக்கு இது நல்ல காலம், ஏனென்றால் மீன் மடுக்களில் குவிந்திருக்கும். திறப்புத் தேதி நெருங்கிவிட்டால் மட்டும் கவனம் வேண்டும். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்குப் போய்ச் சேர மூன்று நான்கு நாள் ஆகிறது. தொலைக்காட்சியில் மதகைத் திறந்து மலர் தூவுவதைப் பார்த்த அன்றே திருச்சியில் ஆறு வறண்டிருப்பதைக் கண்டு, 'இன்னும் வரவில்லையே' என்று மணலில் படுப்பவர்களுக்கு மூன்றாம் நாள் விடிகாலையில் தண்ணீர் வந்து சேரும்.

ஆண்டு முழுக்க அசையாத நீர் வேண்டும் என்றால் மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று அடுத்தடுத்து உள்ள மின் கதவணைகளின் மேல்பக்கத்தைப் பாருங்கள். ஆறே ஏரி மாதிரி நிற்கும். இவை பெரிய நீர்ப்பரப்புகள், நாலு பேர் அதிகம் வந்தாலும் தாங்கும் என்பதால் பெயரைச் சொல்கிறோம். வார நாட்களில் பரிசல்காரரையும் வலைக்காரரையும் தவிர ஆள் இருக்காது. பராமரிப்புக்காகக் கோடையில் ஒவ்வொரு கதவணையாகத் தண்ணீரை வடித்துவிடுவார்கள், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். கதவணையின் கீழ்ப்பக்கம் வேண்டவே வேண்டாம். விசைப்பொறி ஓடத் தொடங்கினால் பாறை இடுக்கில் நின்றிருந்த முழங்கால் ஆழம் கொஞ்ச நேரத்தில் இடுப்புக்கு வந்துவிடும். தாமிரபரணியிலும் கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. வற்றாத ஆறு என்பதால் ஒவ்வொரு அணைக்கட்டுக்கும் மேலே கோடையிலும் நீர் நிற்கும். குடிநீர் உறிஞ்சு கிணறுகள் உள்ள இடங்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஆடிப்பெருக்கு, தை அமாவாசை, மகாளய அமாவாசை, ஐப்பசித் துலா நீராடல் ஆகிய நாட்களில் எந்தப் படித்துறைக்கு அருகிலும் அமைதியை எதிர்பார்க்க முடியாது.

மேட்டுப்பாளையத்துப் பவானி தனியாகச் சொல்லப்பட வேண்டியது. மேலே பில்லூர் அணை; முழு மட்டம் 100 அடி, 97 அடியைத் தொட்டால் உபரியைத் திறந்துவிடுவார்கள். மின்உற்பத்திக்குத் திறக்கும் தண்ணீருக்கு மழை கிழை எதுவும் தேவையில்லை. வானம் வெளுத்துக் கிடக்கும்போதே ஆறு ஏறும். இந்த மாதிரி ஆறுகளில் போய் உட்கார்ந்த உடனே தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை ஊன்றி வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பாருங்கள். குச்சியின் அடி நனைந்தால் தூண்டிலைச் சுற்ற வேண்டாம், அப்படியே போட்டுவிட்டு மேட்டுக்கு வாருங்கள். தண்ணீர் ஏறும் முன் வேறு மூன்று அடையாளங்களும் தெரியும்: கரையோரத்துச் சருகும் நுரையும் நடு ஆற்றில் மிதந்து வரும், தெளிந்த நீர் லேசாகக் கலங்கும், பாறைகளில் மோதும் சலசலப்பு அடங்கி ஒரே இரைச்சலாக மாறும். சலசலப்பு அடங்குவது பாறைகள் மூழ்குவதால். அமைதியாகிவிட்டதே என்று அதைக் கேட்டு ரசித்துக்கொண்டிருக்கக் கூடாது.

மணல் அள்ளிய குழிகள் இன்னொரு கொலைகாரன். காவிரி, கொள்ளிடம், பாலாறு, தென்பெண்ணை எல்லாவற்றிலும் இருக்கின்றன. கணுக்கால் ஆழத்தில் நடந்து போகும்போதே அடுத்த எட்டில் இரண்டு ஆள் ஆழம். குழியின் விளிம்பு மணல் சரிந்துகொண்டே இருப்பதால் காலை ஊன்றி மேலே வரவும் முடியாது, நீச்சல் தெரிந்தவரும் மூழ்குவது இதனால்தான். நீரின் நிறம் சட்டென்று கருக்கும் கோடுதான் குழியின் விளிம்பு. கையில் ஆறடிக் கம்பு இல்லாமல், முன்னால் ஊன்றிப் பார்க்காமல் ஆற்றுக்குள் ஓர் எட்டுகூட வைக்காதீர்கள். நீர்த்தேக்கங்களின் வால்பகுதியில் ஆபத்து வேறு மாதிரி. பண்ணவாடி, நாகமரைப் பக்கம் மேட்டூர் நீர் இறங்கும்போது வண்டல் வெடித்துக் காய்ந்து தரை மாதிரி தெரியும். மேலே நாலு விரல் கெட்டி, கீழே இடுப்பளவு சேறு. மாட்டுக் குளம்படி அழுத்தமில்லாமல் பதிந்திருக்கும் தடத்தில் மட்டும் நடக்கலாம். நாளுக்கு ஒரு அடி என்று நீர் இறங்கும் வாரங்களில் மீனும் கரையை விட்டு விலகிவிடும். மட்டம் நிலையாக நிற்கும்போதோ, மெல்ல ஏறும்போதோ போனால்தான் கைக்கு மீன் வரும். அங்கே உரிமம் பெற்ற மீனவர்களின் வலைகள் கிடக்கும்; தூண்டில் சிக்கினால் வலையை அறுக்காமல் உங்கள் தங்கூசியை (தூண்டில் நரம்பை) அறுத்துக்கொள்ளுங்கள்.

முதலை உள்ள நீர்கள்: ஒகேனக்கல், மோயாறு கலக்கும் பவானிசாகர், அமராவதி நீர்த்தேக்கம், அணைக்கரையிலிருந்து சிதம்பரம் பக்கம்வரை கொள்ளிடம். இங்கெல்லாம் மீன் கழுவிய குடலைக் கரையில் எறிவது முதலையைப் பழக்குவதாகும். தண்ணீர் விளிம்பிலிருந்து நாலைந்து எட்டு தள்ளி உட்கார்ந்து தூண்டில் போடுங்கள், குனிந்து பாத்திரம் துலக்காதீர்கள், வாளியில் மொண்டு வந்து துலக்குங்கள். சாயக்கழிவும் தோல் கழிவும் கலந்த நொய்யல், வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டங்களின் பாலாறு ஆகியவற்றின் மீனைச் சாப்பாட்டுக்குக் கருத வேண்டாம்.

கூடாரம் போட ஏரிக்கரையை விட ஏரியை ஒட்டிய தோட்டமே நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. கரையில் நண்டுப் பொந்தும் எலிப் பொந்தும் இருக்கும், அவற்றைத் தேடிப் பாம்பு வரும். கரைக்கு உள்பக்கத் தரையான உள்வாயில் இரவு ஈரம் இறங்கும், விடிந்தால் மாடு வரும். பக்கத்துத் தோட்டக்காரரிடம் ஒரு இரவுக்கு இருநூறோ முந்நூறோ கொடுத்துக் களத்துமேட்டைக் கேட்டால் தட்டையான தரை, கிணற்றுத் தண்ணீர், அவசரத்துக்குக் கூப்பிட ஒரு ஆள் மூன்றும் கிடைக்கும். தென்னைக்கு அடியில் போடாதீர்கள், மட்டை விழும். ஆற்றோரம் என்றால் புதர்களில் வைக்கோலும் பிளாஸ்டிக்கும் எந்த உயரத்தில் தொங்குகின்றன என்று பாருங்கள். போன வெள்ளம் விட்டுப்போன கோடு அது; கூடாரம் அதற்கு மேலே இருக்க வேண்டும். தோட்டக்காரரிடம் ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: 'பக்கத்துல யாராச்சும் பன்னிக்குக் கரண்டு கம்பி போட்டிருக்காங்களாண்ணே?' காட்டுப்பன்றிக்குச் சட்டவிரோதமாக வைக்கும் மின்கம்பியில் இரவில் வரப்பு வழியே நடந்தவர்கள் இறந்திருக்கிறார்கள். பதில் தெரியாத வரப்பில் இருட்டில் காலை வைக்காதீர்கள். சிலர் தண்ணீரிலேயே மின்சாரம் பாய்ச்சியும் மீன் பிடிக்கிறார்கள். கம்பி இழுத்திருப்பதைக் கண்டால் ஈரக்காலோடு நிற்காமல் உடனே கரையேறுங்கள். தோட்டா (வெடி) போடுவதும் விஷம் கலப்பதும் 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். காவல் நிலையத்துக்குச் சொல்லலாம், தனியாகப் போய்த் தட்டிக் கேட்க வேண்டாம்.

பாம்பில் அஞ்ச வேண்டியது கட்டுவிரியனுக்கு. இரவில் நடமாடும், தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்தில் கடிக்கும். வலியும் வீக்கமும் அதிகம் இருக்காததால் கடித்ததே தெரியாமல், விடிந்தபின் இமை தொங்கிப் பேச்சுக் குழறும்போதுதான் தெரியும். எனவே பாய் விரித்துத் திறந்தவெளியில் படுப்பதற்குப் பதில், தரைத்துணி சேர்த்துத் தைத்த, ஜிப் முழுக்க மூடும் கூடாரமே வேண்டும். உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் ஜிப்பை மூட வேண்டும். கடித்தால் கட்டுப் போடுவதும் கீறி விடுவதும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது எந்த ஊர் மருத்துவமனை, எவ்வளவு தூரம் என்பதைக் கிளம்பும் முன்பே தெரிந்துகொண்டு தாளில் எழுதி வையுங்கள், பல கண்மாய்களில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காது. புதரோரப் புல்லில் வெறுமனே உட்காருவதால் உண்ணிக் காய்ச்சல் வருவதும் நம் மாவட்டங்களில் சாதாரணம். தார்ப்பாய் விரித்து உட்காருங்கள். திரும்பி வந்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் ஏரிக்குப் போனதை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர் குடிநீர் கணக்கு. சித்திரை, வைகாசி மாலைகளில் இடி கேட்டால் தூண்டில் கம்பைக் கீழே வைத்துவிட வேண்டும், கார்பன் கம்பு மின்னலை இழுக்கும்.

மீனைப் பற்றியும் கொஞ்சம் சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் நிறைவாகாது. சிறு கண்மாயில் ஆழம் எப்போதும் கரையை ஒட்டித்தான், மடைக்கு அருகில். கரை போட மண் எடுத்த பள்ளம் அங்கேதான் இருக்கும், தண்ணீர் குறையக் குறைய மீன் அங்கே ஒதுங்கும். ஜிலேபிக்கு மண்புழு, சிறிய முள், தக்கையிலிருந்து இரண்டு மூன்று அடி ஆழம் போதும். ரோகு, மிர்காலுக்கு மைதா இரண்டு பங்கு, பொட்டுக்கடலை மாவு ஒரு பங்கு, கடலைப் புண்ணாக்குத் தூள் ஒரு பங்கு. தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசைய வேண்டும். விரலில் ஒட்டினால் தண்ணீர் கூடிவிட்டது. அப்படிப்பட்ட மாவு வீசும்போதே முள்ளை விட்டுப் பறந்துவிடும். விடிகாலையில் மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைப் பிளந்து காற்றுக் குடித்தால் நீரில் உயிர்க்காற்று குறைந்திருக்கிறது. அன்று இரை எடுக்காது, வெயில் ஏறும்வரை காத்திருக்க வேண்டும்.

விரால் வேறு ரகம். அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்செடுத்தாக வேண்டும். பேச்சை நிறுத்தி அல்லி இலைகளுக்கு நடுவே காது கொடுத்தால் 'களக்' என்று ஒரு சத்தம் கேட்கும், வட்ட அலை ஒன்று விரியும். அந்த இடத்துக்கு நேராக வீசாமல் ஆறேழு அடி தாண்டி ரப்பர் தவளையைப் போட்டு, இரண்டு தத்து, ஒரு நிறுத்தம், மறுபடி இரண்டு தத்து என்று இழுத்து வாருங்கள். ஏழடிக் கம்பு, முப்பது நாற்பது பவுண்டு பிரெய்டு நூல் வேண்டும். மெல்லிய தங்கூசி என்றால் அல்லித் தண்டில் சுற்றிக்கொண்டு அறுந்துவிடும். தண்ணீர் வெடித்ததும் இழுப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. விரால் தவளையைக் கவ்வித் திரும்புவதற்குள் இழுத்தால் தவளை மட்டும் பறந்து வரும். ஒன்று, இரண்டு என்று எண்ணி, நூல் நகர்வதைப் பார்த்து, பிறகு ஒரே வெட்டு. ஆனால் செம்மஞ்சள் நிறத்தில் சிறு குஞ்சுகள் பந்துபோல் திரண்டு கொதிப்பது தெரிந்தால் அங்கே தவளையைப் போடாதீர்கள். கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். குஞ்சைக் காக்கப் பாய்ந்து கவ்வும் என்பதால் அப்போது பிடிப்பது மிக எளிது. பெரிய மீனை எடுத்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஜிலேபியும் கெளுத்தியும் அந்தக் குஞ்சுக் கூட்டத்தைத் தின்று தீர்த்துவிடும். இரவில் தேளி மீன் மாட்டினால் துணியால் பிடித்து முள்ளைக் கழற்றுங்கள். அதன் பக்கவாட்டு முள் குத்தினால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை வைத்தால் கடுப்பு அடங்கும். அறுந்த தங்கூசியை ஒரு துண்டுகூட விடாமல் சுருட்டி எடுத்து வாருங்கள், நீர்க்காகத்தின் காலிலும் நாரையின் அலகிலும் அதுதான் சுற்றுகிறது.

ஆசிரியர் அவர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, சுற்றுலா இணைப்பில் சிறு கண்மாய்களின் பெயரையும் வரைபடக் குறியையும் வெளியிட வேண்டாம். பெரிய நீர்நிலைகளைப் பற்றி எழுதினால் யாரிடம் அனுமதி, மேலே எந்த அணை, எந்த மாதம் என்ற மூன்று வரிகளைச் சேருங்கள். இரண்டு, அணை நீர்மட்டப் பெட்டியில் சில நாள் இடப்பற்றாக்குறையால் வெளியேற்ற அளவு விடுபட்டு மட்டம் மட்டும் வருகிறது. ஆற்றங்கரையில் இருப்பவருக்கு மட்டத்தைவிட வெளியேற்றமே முக்கியம். பில்லூர் போன்ற மின்உற்பத்தி அணைகளின் திறப்பையும் அதே பெட்டியில் தினமும் ஒரு வரியாகத் தாருங்கள்.

இப்படிக்கு,
தூண்டில் மீன்பிடி வாசகர்கள் சிலர்,
ஈரோடு மாவட்டம்.